போர்டு போச்சு என்கிறார்கள், கடைக் கணக்கும் போய்விடுமா?

குடியாத்தத்தில் கணவரோடு சேர்ந்து துணிக்கடை நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தெருவையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கடையில் பில் போடுவது இவர்தான். லுங்கி, புடவை, பள்ளிச் சீருடை என்று சரக்கு பெருகிவிட்டதால், கங்கையம்மன் சிரசுத் திருவிழா வியாபாரத்துக்கு முன்னால் பார்கோடு ஸ்கேனர் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். பெட்டியில் சி.டி. எதுவும் இல்லை. டிரைவர் (கருவியோடு பேச விண்டோஸுக்கு உதவும் சிறு நிரல்) இல்லாமல் எப்படி ஓடும் என்ற சந்தேகத்தில், காட்பாடியில் கல்லூரியில் படிக்கும் நாத்தனார் மகனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் இணையத்தில் தேடி, எல்லா டிரைவரையும் ஒரே அழுத்தில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினான். அது 17 டிரைவர்கள் பழையவை என்று பட்டியல் காட்டியது. எல்லாவற்றுக்கும் டிக் போட்டு ஓடவிட்டான். ரீஸ்டார்ட் ஆகி வந்தபோது கீபோர்டு வேலை செய்யவில்லை, மவுஸ் வேலை செய்யவில்லை, புது ஸ்கேனரும் சத்தமில்லை. பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே நிற்கிறது.

வேறு கீபோர்டு, வேறு மவுஸ் வாங்கிப் போட்டுப் பார்த்தும் பலனில்லை. சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "போர்டு போச்சும்மா, மாத்தணும், அப்படியே ஃபார்மட்டும் போடணும்" என்று மதர்போர்டைச் சொல்லி ஒரு பெரிய தொகையைக் கேட்டிருக்கிறார்கள். நான்கு வருடக் கணக்கும், யார் யார் எவ்வளவு பாக்கி என்ற விவரமும் அதில் இருப்பதால், பயந்துபோய் சிபியுவைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். இப்போது கையால் பில் எழுதுகிறார்கள். கணவர் நாத்தனார் மகனோடு பேசுவதில்லை.

அவருடைய கேள்விகள்: போர்டு உண்மையிலேயே போய்விட்டதா? ஃபார்மட் போட்டால் கணக்கு என்ன ஆகும்? அந்த மென்பொருள் கம்பெனி மீதோ சர்வீஸ் கடை மீதோ நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடலாமா? ஸ்கேனரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

இனி உங்களோடு நேராகவே பேசுகிறேன்.

கடிதத்தின் நடுவே, பெரிதாக நினைக்காமல் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "ஆன் பண்ணியதும் கீபோர்டில் நம்லாக் விளக்கும் மவுஸின் சிவப்பு வெளிச்சமும் வருகின்றன, விண்டோஸ் வந்ததும் இரண்டும் அணைந்துவிடுகின்றன." உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இந்த வரியில்தான் இருக்கிறது. போர்டு போயிருந்தால் தொடக்கத்திலேயே விளக்கு எரிந்திருக்காது.

கம்ப்யூட்டரை ஆன் செய்த முதல் சில நொடிகள் விண்டோஸ் கையில் இல்லை. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற சிறு நிரல்தான் அப்போது கீபோர்டையும் மவுஸையும் இயக்குகிறது. அதன் பிறகு விண்டோஸ் பொறுப்பை வாங்கிக்கொண்டு, தன்னுடைய டிரைவர்களை வைத்து அதே கருவிகளோடு பேசத் தொடங்குகிறது. பயாஸ் நேரத்தில் உயிரோடு இருப்பவை விண்டோஸ் நேரத்தில் செத்துப்போகின்றன என்றால், ஒயர், போர்ட், போர்டு எல்லாம் நன்றாக இருக்கின்றன, கோளாறு டிரைவரில் என்று அர்த்தம். நீங்களே சோதிக்கலாம். ஆன் செய்தவுடன் டெலீட் விசையை விடாமல் தட்டுங்கள். சில போர்டுகளில் எஃப்2 விசையாக இருக்கும். பயாஸ் திரை வந்துவிடும். அங்கே அம்புக்குறி விசைகளை மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். அவை கேட்டபடி நகர்ந்தால் போர்டு மாற்ற வேண்டியதில்லை. "போர்டு போச்சு" என்று மறுபடி யாராவது சொன்னால், இதை உங்கள் எதிரில் செய்து காட்டச் சொல்லுங்கள். காசும் செலவில்லை, நேரமும் ஆகாது.

புதுக் கீபோர்டு வாங்கிப் போட்டும் ஏன் பலனில்லை? குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகும் சாலையில் பரதராமி சோதனைச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கம்பைத் தாழ்த்திவிட்டால் பஸ், லாரி, பைக் எதுவும் போகாது. வண்டியை மாற்றி என்ன பயன்? உங்கள் கம்ப்யூட்டரில் எல்லா யுஎஸ்பி கருவிகளும் கடந்தாக வேண்டிய கம்பு, யுஎஸ்பி கன்ட்ரோலரின் டிரைவர். அந்த 17-இல் ஒன்றாக அது இருந்திருக்க வேண்டும். உங்கள் போர்டுக்குப் பொருந்தாத ஒன்றை அந்த மென்பொருள் அங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

இதே மாதிரி இன்னொரு கோளாறும் உண்டு. மவுஸின் வெளிச்சம் அணையாது, ஆனால் அம்புக்குறி நகராது. அப்போது கன்ட்ரோலர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கீபோர்டு, மவுஸ் வகைகளுக்கு மேலே வேறொரு மென்பொருள் செருகி வைத்த வடிகட்டி டிரைவர் கெட்டிருக்கும். விசைகளை மாற்றியமைக்கும் மென்பொருள்கள், சில பாதுகாப்பு மென்பொருள்கள் இப்படிச் செருகுவதுண்டு. அவற்றை அரைகுறையாக நீக்கினால், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பெயர் இருக்கும், கோப்பு இருக்காது. விண்டோஸ் அந்தக் கோப்பைத் தேடி, கிடைக்காமல், எந்தக் கீபோர்டையும் ஏற்காது. உங்கள் அடையாளங்கள் முதல் வகையைத்தான் காட்டுகின்றன. அது சுலபமான வகை.

இப்போதைக்குச் செய்யக் கூடாதவை

ஃபார்மட் வேண்டாம். அந்த வார்த்தையை யார் சொன்னாலும், கணக்கு வெளியே வந்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். "கீப் மை ஃபைல்ஸ்" என்று விண்டோஸ் காட்டும் ரீசெட்டும் வேண்டாம். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அது உங்கள் படங்களையும் ஆவணங்களையும் வைத்துக்கொள்ளும், ஆனால் நிறுவிய மென்பொருள்களை எடுத்துவிடும். பில்லிங் மென்பொருளோடு அதன் ஃபோல்டருக்குள்ளேயே கணக்குக் கோப்பும் இருந்தால் சேர்ந்து போய்விடக்கூடும்.

இன்னொன்று, உதவி எண் தேடி கூகுளில் கிடைக்கும் நம்பருக்கு போன் செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஆள் என்று சொல்லிக்கொண்டு, போனில் ஒரு செயலியை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைப்பவர்கள் அந்த இடத்தில்தான் காத்திருக்கிறார்கள். ஏற்கெனவே அப்படி ஏதாவது நடந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் கொடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிவிடும்.

அணைப்பதற்குக் கீபோர்டு இல்லையே என்று பிளக்கைப் பிடுங்குகிறீர்களா? வேண்டாம். பவர் பட்டனை ஒருமுறை லேசாக அழுத்திவிட்டால் போதும், விண்டோஸ் தானே முறையாக அணையும். அழுத்திப் பிடித்தால்தான் திடீரென்று நிற்கும்.

முதல் வேலை கணக்கை வெளியே எடுப்பது

உங்கள் இரண்டாவது கேள்வியில் இருக்கும் பயம் பெரியது, ஆனால் அது தவறான இடத்தில் இருக்கிறது. டிரைவர் கெட்டதால் ஹார்டு டிஸ்கில் இருக்கும் ஒரு எழுத்துகூட அழியவில்லை. கணக்குகள் போட்டது போட்டபடி இருக்கின்றன, உள்ளே போக வாசல்தான் இல்லை. அழிவது நாளைக்கு யாராவது அவசரப்பட்டு ஃபார்மட் போடும்போதுதான்.

எடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி கேபிள் மூலம் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி நகலெடுப்பது. எந்த சர்வீஸ் கடையிலும் இதற்கான கேபிள் இருக்கும். உங்கள் எதிரிலேயே செய்யச் சொல்லுங்கள். டிஸ்கை வைத்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றால் வேறு கடை பாருங்கள்.

இரண்டாவது வழியை உங்கள் நாத்தனார் மகனே செய்துவிடலாம். வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் நிறுவும் கருவியை இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்ய வேண்டும். அந்தப் பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும், அதனால் காலியானதாகப் பாருங்கள். அதிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை ஓடவிட்டால் கீபோர்டும் மவுஸும் வேலை செய்யும். காரணம், பென்டிரைவில் இருக்கும் விண்டோஸ் தன்னுடைய சொந்த டிரைவர்களோடு வருகிறது, டிஸ்கில் இருக்கும் கெட்ட டிரைவரைத் தொடுவதே இல்லை. முதல் திரையில் 'இன்ஸ்டால்' என்ற பட்டனை அழுத்தாமல், கீழ் மூலையில் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்று சிறிதாக இருப்பதைத் தேர்ந்தெடுத்து, கட்டளைத் திரைக்கு ('கமாண்ட் ப்ராம்ப்ட்') போகச் சொல்லுங்கள்.

அங்கே எங்கள் தொழிலில் எல்லோரும் செய்யும் ஒரு தந்திரம் உண்டு. கருப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிக்கொண்டால், டிஸ்கில் உள்ள எல்லா ஃபோல்டர்களும் கண்ணுக்குத் தெரியும். வேண்டிய ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து காப்பி, இன்னொரு பென்டிரைவில் பேஸ்ட், அவ்வளவுதான். நகலெடுக்கும்போது திரையில் எந்த அசைவும் தெரியாது, தொங்கிவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். டிரைவ் எழுத்துகள் வழக்கம்போல் இருக்காது. சி என்று நீங்கள் நினைப்பது அங்கே டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களைப் பார்த்து அடையாளம் காணுங்கள்.

எந்த ஃபோல்டரை எடுப்பது என்பதை உங்கள் பில்லிங் மென்பொருள்காரரிடம் போனில் கேளுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கணக்கை வைக்கும். டாலி கணக்கு மென்பொருள் என்றால் டேட்டா என்ற பெயரில் ஃபோல்டர் இருக்கும். எடுத்த நகலை இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று வீட்டில், ஒன்று கடைக்கு வெளியே.

நகலெடுக்கும்போது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டால், டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. கடையில் அசெம்பிள் செய்த உங்கள் விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் அதற்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே தானாகப் பூட்டிக்கொள்வது சகஜமாகிவிட்டது. அந்த எண் அதே மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய்ப் பார்த்தால் இருக்கும். அது இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று காசு வாங்குபவர்களை நம்பாதீர்கள்.

பிறகு பழுதைச் சரிசெய்வது

கணக்கு பத்திரமாக வெளியே வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இனி நிதானமாகச் செய்யலாம்.

சிபியுவின் பின்பக்கம் பாருங்கள். யுஎஸ்பி சதுரங்களுக்கு மேலே வட்டமாக, ஊதாவும் பச்சையுமான ஒரு துளை இருக்கிறதா? அதற்குப் பெயர் பிஎஸ்2. ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. இரண்டு நிறமும் பாதிப் பாதியாக ஒரே துளையில் இருந்தால் எதையும் செருகலாம். இந்தத் துளை யுஎஸ்பி வழியாகப் போவதே இல்லை, தனிப் பாதை. எனவே உங்கள் கேஸில் அது பெரும்பாலும் உயிரோடிருக்கும். பழைய வட்டமுனைக் கீபோர்டு ஒன்றை எங்கிருந்தாவது கடன் வாங்குங்கள். பரணில் ஒன்றைப் போட்டு வைக்காத வீடு குறைவு. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் செருகுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் அது அடையாளம் காணாது. யுஎஸ்பி கீபோர்டின் முனையில் மாட்டும் சின்னப் பச்சை கன்வர்ட்டரை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். இப்போது வரும் பெரும்பாலான கீபோர்டுகள் அதில் வேலை செய்யாது.

இப்படி உள்ளே நுழைந்த பிறகு மவுஸ் தேவையில்லை. விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி, பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். பட்டியலின் அடியில் 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்' என்ற தலைப்பு. வலது அம்பு அழுத்தினால் விரியும், மஞ்சள் முக்கோணம் போட்ட வரியில் நின்று என்டர் தட்டுங்கள். 'டிரைவர்' என்ற பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' எரிந்தால் அதைக் கொடுங்கள், பழைய டிரைவர் திரும்பிவிடும். மங்கலாக இருந்தால், 'அன்இன்ஸ்டால்' கொடுத்து, டிரைவர் மென்பொருளையும் நீக்கு என்ற கட்டத்தில் டிக் போட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் 10-க்குள்ளேயே யுஎஸ்பி 3 கன்ட்ரோலருக்கான டிரைவர் இருக்கிறது, அது தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். எதையும் இறக்க வேண்டியதில்லை. நடுவில் மவுஸ் இருந்தே தீர வேண்டும் என்ற இடம் வந்தால், இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எண் விசைகள் மவுஸாக மாறி அம்புக்குறியை நகர்த்தும்.

பிஎஸ்2 துளை இல்லையென்றால்? விண்டோஸுக்குள்ளேயே ஒரு மீட்புத் திரை இருக்கிறது. ஆன் செய்து, விண்டோஸ் வரத் தொடங்கும் புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இரண்டு தடவை இப்படிச் செய்துவிட்டு மூன்றாவது தடவை விட்டுவிட்டால், ஏதோ கோளாறு என்று தானே புரிந்துகொண்டு நீலத் திரைக்கு வரும். (மின்சாரம் போய்ப் போய் வரும் நாட்களில் இந்தத் திரை தானாகவே வந்து நின்று, வைரஸ் என்று பயந்துகொண்டு வருபவர்கள் உண்டு.) இது மைக்ரோசாஃப்டே சொல்லித்தரும் வழிதான். ஆனாலும் பழைய ஹார்டு டிஸ்கைத் திடீர் திடீரென்று நிறுத்துவது நல்லதல்ல. கணக்கை முதலில் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மேலே சொன்ன பென்டிரைவ் தயாராக இருந்தால் இந்த மூன்று தடவை விளையாட்டே தேவையில்லை, அதிலிருந்தும் இதே திரைக்கு வரலாம்.

அங்கே 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று போனால் 'சிஸ்டம் ரீஸ்டோர்' இருக்கும். டிரைவர் போட்ட நாளுக்கு முந்தைய தேதி ஏதாவது பட்டியலில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிரைவர்களும் அமைப்புகளும் அந்தத் தேதிக்குத் திரும்பும், ஆவணங்களைத் தொடாது. பல கம்ப்யூட்டர்களில் இந்த வசதி அணைக்கப்பட்டிருப்பதால் பட்டியல் காலியாக வரலாம். சேஃப் மோடை (குறைந்த டிரைவர்களோடு மட்டும் விண்டோஸை ஓட்டும் முறை) எல்லோரும் முதலில் சொல்வார்கள். உங்கள் கோளாறுக்கு அது உதவாமல் போகவே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் சேஃப் மோடிலும் யுஎஸ்பி கன்ட்ரோலருக்கு அதே கெட்ட டிரைவர்தான் ஏறும்.

பிஎஸ்2 வழியும் சிஸ்டம் ரீஸ்டோரும் பலிக்காவிட்டால் கட்டளைத் திரையில் டிஸ்ம் என்ற கருவி இருக்கிறது. ஓடாமல் கிடக்கும் விண்டோஸில் வெளியிலிருந்து வந்த டிரைவர்களை மட்டும் அது பட்டியலிடும். ஒவ்வொன்றும் ஓஇஎம் என்று தொடங்கி ஒரு எண்ணும் சேர்ந்த பெயரில் இருக்கும், பக்கத்தில் தயாரிப்பாளரும் தேதியும். யுஎஸ்பி வகையில் புதிதாக வந்ததை மட்டும் நீக்கச் சொன்னால் போய்விடும். இதை நீங்களாகச் செய்ய வேண்டாம், தெரிந்தவர் செய்யட்டும். டிஸ்கை இயக்கும் டிரைவரைத் தவறி நீக்கிவிட்டால் விண்டோஸ் எழும்பவே எழும்பாது.

பில்லிங் மென்பொருள்காரர் ரிமோட்டில் வந்து பார்ப்பாரா என்று கேட்டிருந்தீர்கள். ரிமோட் செயலி தானாகத் தொடங்கும்படியும், நிரந்தரப் பாஸ்வேர்டோடும் முன்பே அமைத்திருந்தால், அவர் அங்கிருந்தே இதையெல்லாம் செய்துவிடலாம். நெட்வொர்க் கேபிள் யுஎஸ்பி வழியில் இல்லை என்பதால் இணையம் வேலை செய்துகொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் நீங்கள் எண்ணைப் படித்துச் சொல்லி, 'அக்செப்ட்' அழுத்தும் வகை என்றால் அந்த வழி அடைபட்டுவிட்டது.

இதே பழுதோடு இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. லேப்டாப்பின் உள் கீபோர்டு பலவற்றில் பிஎஸ்2 பாதையிலேயே இருப்பதால் யுஎஸ்பி போனாலும் பிழைத்துக்கொள்ளும். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு, சில கம்ப்யூட்டர்களில் மீட்புத் திரையிலேயே கீபோர்டும் மவுஸும் செத்துப்போயிருக்கலாம். 2025 அக்டோபர் 14 அன்று வந்த அப்டேட்டின் கோளாறு அது, அதே மாதம் 20-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தம் போடாதவர்கள் பென்டிரைவ் வழியில்தான் போக வேண்டும்.

வழக்கு, ஜிஎஸ்டி

நான் வக்கீல் அல்ல, கடைக்காரர்களோடு பழகியதில் தெரிந்ததைச் சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, காசு கொடுத்துப் பொருளோ சேவையோ பெற்றவர்தான் நுகர்வோர். அந்த மென்பொருளை நீங்கள் இலவசமாக இறக்கியிருக்கிறீர்கள், அதனால் அங்கே வழக்குக்குப் பிடிமானம் இல்லை. சர்வீஸ் கடையும் இதுவரை உங்களிடம் காசு வாங்கவில்லை, டிஸ்கைத் தொடவில்லை. தவறாகச் சொன்னார்கள், நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதோடு சரி.

ஆனால் உங்கள் மனதில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, அதைத் திருத்திவிடுகிறேன். வியாபாரத்துக்கு வாங்கியது என்பதால் நுகர்வோர் என்ற உரிமையே கிடையாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வணிக நோக்கத்துக்கு விலக்கு உண்டுதான். ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துபவரை அந்த விலக்கு தொடாது. கணவன் மனைவி நடத்தும் கடை அதற்குள் வர நல்ல வாய்ப்பு உண்டு. நாளைக்குக் காசு கொடுத்து வேலை கொடுக்கும்போது ஜாப் ஷீட் (என்ன வேலை என்று எழுதிய சீட்டு) எழுதி வாங்குங்கள். அதில் "என் அனுமதி இல்லாமல் ஃபார்மட் செய்யக் கூடாது, எந்தப் பாகம் மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு வரி இருக்கட்டும். அப்புறமும் ஏதாவது நடந்தால், இரண்டு வருடத்துக்குள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கம்ப்யூட்டர் சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் விற்பனை விவரம் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், வரித் தாக்கல் 20-ஆம் தேதிக்குள். கையால் எழுதிய பில் நகல்களை ஆடிட்டரிடம் கொடுத்தால், அவர் போர்ட்டலில் நேராக ஏற்றிவிடுவார். கணக்குகளை ஆண்டுத் தாக்கலின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள் பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்பது அதிகாரியிடம் பதிலாகாது.

அந்தப் பையனும் அந்த ஸ்கேனரும்

உங்கள் கணவர் அவனோடு பேசாமல் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 17 டிரைவர் பழசு என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் மென்பொருளில் அவனைவிட அனுபவசாலிகள் மாட்டியிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குப் பழைய டிரைவர் நோய் அல்ல. நன்றாக ஓடும் டிரைவரை மாற்றக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். பென்டிரைவ் தயார் செய்யும் வேலையை அவனிடமே கொடுங்கள். எல்லாம் சரியான பிறகு அந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்வதும் அவன் பொறுப்பு. அது உள்ளேயே இருந்தால் இன்னொரு நாள் ராத்திரி தானாக ஓடி இதையே மறுபடி செய்துவிடும். சிஸ்டம் ரீஸ்டோரை ஆன் செய்து வைக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்பதால், அடுத்த கம்ப்யூட்டருக்கு இப்போதே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், அவசரமில்லை.

ஸ்கேனரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். கடைகளில் விற்கும் சாதாரண யுஎஸ்பி ஸ்கேனர், கம்ப்யூட்டரின் கண்ணுக்கு இன்னொரு கீபோர்டுதான். கோட்டைப் படித்து, அந்த எண்களை யாரோ வேகமாகத் தட்டியதுபோல் அனுப்பும். கீபோர்டுக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால்தான் பெட்டியில் சி.டி. வைக்கவில்லை. கீபோர்டோடு சேர்ந்து இதுவும் சத்தமில்லாமல் போனதும் அதனால்தான். கம்ப்யூட்டர் சரியானதும் ஸ்கேனரைச் செருகி, நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சட்டைப் பெட்டியில் அடித்துப் பாருங்கள். எண்கள் வரிசையாக வந்து விழுந்தால் பில்லிங்கிலும் வேலை செய்யும். எண் வந்தும் பில்லில் அடுத்த வரிக்குப் போகவில்லை என்றால், கூட வந்த சின்னப் புத்தகத்தில் 'என்டர் சேர்க்க' என்பதற்கான ஒரு பார்கோடு அச்சிட்டிருக்கும். ஸ்கேனரை அதன் மேல் ஒருமுறை காட்டினால் போதும்.